முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான வழக்கு: எங்கள் வீட்டு அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

என் தம்பி டைல்ஸ் ஒட்டுகிற வேலை பார்த்தவன். திருமங்கலம் பக்கம் பைக்கில் போனபோது லாரி மோதி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மதுரையில் எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீட்டு மனு போட்டோம். மருத்துவக் குழு ஊனம் 75 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு, “மீதி 25 சதவீதத்துக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை பார்க்கலாமே?” என்றார். நாள் முழுக்கக் குந்தியபடி தரையில் நகர்ந்து டைல்ஸ் ஒட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது!

எங்கள் வக்கீலம்மா 2010-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை எடுத்து வைத்தார். ஒரு கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் சம்பாத்தியமே ஏறக்குறைய போய்விடும். அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்கிறது அது. ஆகவே சான்றிதழில் இருக்கிற சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது. சம்பளச் சீட்டு இல்லாததால் மேஸ்திரியையே சாட்சி சொல்ல வைத்தோம். கடைசியில் வருமான இழப்பை நூறு சதவீதமாகவே எடுத்து, வயது 34 என்பதால் ஆண்டு வருமானத்தை அந்த வயதுக்குரிய பெருக்கெண்ணான 16-ஆல் பெருக்கினார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, பார்த்துக்கொள்கிற ஆளுக்கான செலவு. புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது எல்லாம் எங்கள் அம்மாதான். “பெத்தவ செய்யிறதுக்குக் காசு கேட்பீங்களா?” என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். 12 வயதில் விபத்தில் சிக்கிய காஜல் என்ற சிறுமியின் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு ஆட்களுக்குத் தலா மாதம் 5,000 ரூபாய் என்று வைத்து, அதை ஆண்டுக் கணக்காக்கி, அவள் வயதுக்குரிய 18-ஆல் பெருக்கி, இதற்கு மட்டும் 21,60,000 ரூபாய் கொடுத்தது. மனுவில் இதைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

—

அண்ணா, எங்களுடையது ரோட்டு விபத்து இல்லை. என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். “குடிச்சிருந்தான், ஹெல்மெட் போடலை” என்று காண்டிராக்டர் கைவிரித்துவிட்டார். அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துறையில் மனுப் போட்டோம். நிரந்தரமாக முழு ஊனம் ஆனவர் விஷயத்தில் அந்தச் சாக்கு அந்தச் சட்டத்தில் செல்லாது என்றிருந்தது. அவர் குடிக்கவும் இல்லை, அது வேறு கதை.

—

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற புரோக்கரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவதே பார் கவுன்சில் விதிக்கு விரோதம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100-க்குப் போன் செய்யுங்கள். வாகன விபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாதக் கெடு வேறு இருக்கிறது, சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்புறம், கோர்ட்டில் கிடைக்கிற இழப்பீட்டுப் பணத்தைப் பெரும்பாலும் பேங்க் டெபாசிட்டில் போட்டுவிடுவார்கள். தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி வாங்க வேண்டுமென்றால் விலைப்பட்டியலோடு மனுப் போட்டு எடுக்கலாம்.