ஏர் ஃப்ரையரில் வெங்காய பக்கோடா: மேலே வெள்ளைத் திட்டு, உள்ளே பச்சை மாவு. உதவுங்க

கேள்வி:
அப்பாவுக்கு எண்ணெயைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. பக்கோடான்னா அவருக்கு உயிர். அதனால ஏர் ஃப்ரையர்ல மூணு தடவை போட்டுப் பார்த்தேன், மூணும் சரியா வரல. சட்டியில பொரிக்கிற அதே மாவுதான்: ரெண்டு பெரிய வெங்காயம், ஒரு கப் கடலை மாவு, உப்பு, மிளகாய்த் தூள், பெருங்காயம், கொஞ்சம் தண்ணி. 200 டிகிரி, 15 நிமிஷம். மேல அங்கங்க மாவு வெள்ளையா அப்படியே காஞ்சு நிக்குது. பிட்டுப் பார்த்தா உள்ள பிசுபிசுன்னு பச்சை வாசனை. பாதி கூடையிலேயே ஒட்டிக்குது. எங்க தப்பு?

பதில் 1:
மாவுல எண்ணெய் கலந்தீங்களா? அடியில பேப்பர் போட்டீங்களா?

கேட்டவர்:
கலக்கல, மேல லேசா தடவினேன். மூணாவது தடவை பட்டர் பேப்பர் போட்டேன். ஒட்டல, ஆனா அடிப்பக்கம் ஈரமாவே இருந்துது.

பதில் 2:
பேப்பரை எடுத்துடுங்க, கீழேயிருந்து வர்ற காத்தை அது அடைச்சிடும். ஆனா முக்கியமான சிக்கல் மாவுலதான் இருக்கு. சட்டியில 170, 180 டிகிரி எண்ணெய் நாலாபக்கமும் சூழ்ந்துக்கும். போட்டதும் மேல்தோல் கட்டும், உலர்ந்த மாவும் எண்ணெயைக் குடிச்சு வெந்துடும். ஏர் ஃப்ரையர் விசிறி வச்ச சின்ன ஓவன்தான். காத்து அவ்வளவு வேகமா சூட்டைக் கொடுக்காது. எண்ணெய் படாத மாவு வேகறதுக்கு முன்னாடியே காஞ்சிடும். உங்க வெள்ளைத் திட்டு அதுதான்.

மாவைப் பாதியாக்குங்க. வெங்காயத்தை மெல்லிசா நீளமா நறுக்கி, உப்பு போட்டு உதிர்த்துப் பிசறி 10 நிமிஷம் விடுங்க. அது விடற தண்ணியே போதும், தனியா ஒரு சொட்டு வேண்டாம். ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, வெங்காயம் பளபளன்னு ஆகிற வரைக்கும் பிசறுங்க. அப்புறம் அரை கப் கடலை மாவு, ரெண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு. ஒரு கை அள்ளிப் பாருங்க: வெங்காயம் இழை இழையா தெரியணும், உலர்ந்த மாவு கண்ணுல படவே கூடாது.

5 நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணிட்டு, கூடையில எண்ணெய் தடவி, உருட்டாம பிச்சுப் பிச்சு இடம் விட்டு வைங்க. 180ல 8 நிமிஷம், திருப்பிப் போட்டு இன்னும் 4, 5 நிமிஷம். அவசரப்பட்டுத் திருப்பாதீங்க, அடி வெந்தா தானா விட்டு வரும்.

பதில் 3:
ஒரு சிட்டிகை சோடா உப்பு சேர்த்தா இன்னும் நல்லா வருமே?

பதில் 2:
இதுக்கு வேண்டாங்க. சோடா போட்டா சீக்கிரம் சிவந்துடும், வெந்துடுச்சுன்னு நாம எடுத்துடுவோம். இவங்களுக்கு உள்ள வேகாததுதானே பிரச்சினை.

கேட்டவர் (மறுநாள்):
வந்துடுச்சு! திட்டே இல்ல. ஓரத்து வெங்காயமெல்லாம் கருஞ்சிவப்பா மொறுமொறுன்னு, கடிச்சா சத்தம் கேக்குது. என் மெஷின்ல மட்டும் கூட ரெண்டு நிமிஷம் ஆச்சு. கறிவேப்பிலையை மேல தூவினேன், அது காத்துல பறந்து மேல ஒட்டிக் கருகிடுச்சு, அடுத்த தடவை மாவோடவே பிசறிடணும். அப்பா தட்டைக் காலி பண்ணிட்டு நாளைக்கும் உண்டான்னு கேட்டார். ரொம்ப ரொம்ப நன்றி. வாழைக்காய் பஜ்ஜியும் இதுல போடலாமா?

பதில் 2:
படிக்கவே சந்தோஷமா இருக்குங்க. பஜ்ஜி மட்டும் வேண்டாம். தோய்ச்ச மாவு கட்டறதுக்குள்ள ஓட்டை வழியா ஒழுகிடும், கூடையைச் சுரண்டி மாளாது. வாழைக்காயை வட்டமா நறுக்கி, எண்ணெய், காரம், ஒரு ஸ்பூன் அரிசி மாவு போட்டுப் பிசறி வைங்க. பஜ்ஜி ஆகாது, நல்ல வறுவல் ஆகும்.