வீட்டு சர்வரிலிருந்து அனுப்பும் மின்னஞ்சலை ஜிமெயில் மறுக்கிறது

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். வீட்டிலுள்ள டெபியன் 12 (லினக்ஸ்) சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் அனுப்பும் மென்பொருளை நிறுவி, எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூட்ட அறிவிப்புகளைச் சொந்த டொமைன் பெயரில் அனுப்பி வருகிறேன். சென்ற வாரம் மழையில் இரவு முழுதும் மின்சாரம் நின்று மறுநாள் வந்தது முதல், ஜிமெயிலுக்குச் செல்லும் அஞ்சல்கள் எல்லாம் 550 5.7.26 என்னும் பிழையுடன் திரும்புகின்றன. எங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபி முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு முன்பே இருக்கிறது. அமைப்பில் நான் எதையும் மாற்றவில்லை. முதிய உறுப்பினர்கள் பலர் இந்த அறிவிப்பை நம்பியே கூட்டத்துக்கு வருகிறார்கள் என்பதால் விரைவில் சரிசெய்ய விரும்புகிறேன்.

பதில்: லாஸ்பேட்டை, புதுச்சேரி

நீங்கள் மாற்றாவிட்டாலும் உங்கள் ஐபி முகவரி மாறியிருக்கும். வீட்டு இணைப்புகளில் ரவுட்டர் அணைந்து எழும்போது பெரும்பாலும் புதிய முகவரி கிடைக்கிறது. உங்கள் எஸ்பிஎஃப் பதிவோ பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். அனுப்புநரின் அடையாளம் உறுதிப்படவில்லை என்பதே 5.7.26 குறியீட்டின் பொருள். புதிய எண்ணைப் பதிவில் எழுதினால் இன்று அஞ்சல் போகலாம், ஆனால் அடுத்த மின்தடையில் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

ஆகவே நேரடியாக அனுப்புவதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) சரிபார்ப்புடன், ஐபி முகவரி எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவையும் எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கிறது. அந்தப் பதிவோ நம் கையில் இல்லை, இணைய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மேலும், வேண்டாத அஞ்சலைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் வீட்டு இணைப்புகளின் முகவரித் தொகுதிகள் பெருமளவில் உள்ளன. அது நாம் செய்த தவறுக்குத் தண்டனை அன்று. அங்கிருந்து நேரடி அஞ்சல் வரக்கூடாது என்னும் கொள்கை மட்டுமே. நம் அஞ்சலை வாங்கித் தன் சர்வர் வழியாக அனுப்பிவைக்கும் ரிலே சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, 587 போர்ட் வழியாக அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. போஸ்ட்ஃபிக்ஸில் ரிலே சர்வரின் பெயரைக் குறிக்கும் ரிலேஹோஸ்ட் வரியையும் கடவுச்சொல் கோப்பையும் அமைத்துவிட்டேன். இப்போது, உள்நுழைவுக்கான மெக்கானிசம் எதுவும் இல்லை என்று லாகில் பிழை வருகிறது.

பதில்: திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

டெபியனில் அந்த உள்நுழைவு முறைகளைத் தரும் லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ் என்னும் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். நானும் இதே இடத்தில் ஒரு மாலை முழுதும் நின்றிருக்கிறேன். கடவுச்சொல் கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும், அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை இயக்குங்கள். கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) என வையுங்கள். ரிலேஹோஸ்ட் வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தால் கடவுச்சொல் கோப்பிலும் அப்படியே எழுத வேண்டும், இல்லையெனில் இரண்டும் பொருந்தா. எஸ்பிஎஃப் பதிவில் வீட்டு இணைப்பின் ஐபி முகவரியை நீக்கி, ரிலே சேவை தரும் வரியைச் சேருங்கள். அவர்கள் தரும் டிகேஐஎம் பதிவையும் டொமைனில் இடுங்கள்.

550 என்று மறுக்கப்பட்ட அஞ்சல்கள் வரிசையில் காத்திருப்பதில்லை. எனவே சென்ற வாரத்து அறிவிப்பை நீங்கள் மீண்டும் அனுப்பியாக வேண்டும்.