டெர்பி நாள்: உங்கள் கண்ணில் நிற்பது எது?

மாட்டுங்கா வாசி:

பிப்ரவரி முதல் ஞாயிறு நடந்த இந்தியன் டெர்பி குதிரைப் பந்தயம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இன்னும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. மும்பை மகாலட்சுமி ரேஸ் மைதானத்துக்கு வருகிற நம் ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். யார் எவ்வளவு ஜெயித்தார்கள், எந்த டிப்ஸ் பலித்தது என்ற பேச்சு இங்கே வேண்டாம். டெர்பி நாளில் நீங்கள் பார்த்ததை, கேட்டதை எழுதுங்கள். பழைய வருஷத்துக் கதையானாலும் சரி.

நானே ஆரம்பிக்கிறேன். பத்தொன்பது வருஷமாக ஒரு டெர்பியைக்கூட விட்டதில்லை. மாட்டுங்கா ரோட்டில் ரயில் ஏறி மகாலட்சுமியில் இறங்கி நடந்துவிடுவேன். டெர்பிக்கு முந்தைய ரேஸை நான் பார்ப்பதே கிடையாது. அந்த நேரத்தில் போனால்தான் பேடாக் கம்பியோரம் நிற்க இடம் கிடைக்கும். குதிரைகளை ஓட்டத்துக்கு முன்னால் வட்டமாக நடத்திக் காட்டும் இடம் அது. கூட்டம் முழுக்கத் தொப்பியும் கூலிங் கிளாஸுமாக ஸ்டாண்டில் இருக்கும். கம்பியோரம் நிற்பவர்கள் எல்லாரும் என்னைப் போலக் குதிரை பார்க்க வந்தவர்கள்.

இந்தத் தடவை ஒரு செவலைக் குதிரை. உள்ளே வந்ததிலிருந்தே நிலைகொள்ளவில்லை. தொடை இடுக்கில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வியர்வை. கடிவாள வார் உரசுகிற கழுத்துப் பக்கமும் நுரை கட்டிவிட்டது. அதைப் பிடித்து நடத்திய குதிரைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நான் நின்ற இடத்தைத் தாண்டும்போது அதன் காதோரம் வாயை வைத்து, "ஒண்ணுமில்லடா கண்ணா. ஒரே சுத்துதான். போயிட்டு வந்துடலாம்" என்றார். தமிழ்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குதிரையின் ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது. அடுத்த சுற்றில் அது தலையைத் தாழ்த்தி நடந்தது.

ஜாக்கி ஏறினார். பெரியவர் ஓடுதளம் வரை நடத்திக்கொண்டு போய்க் கயிற்றைக் கழற்றிவிட்டார். 2,400 மீட்டர், இரண்டரை நிமிஷம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது அவரைத்தான். காலிக் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை.

செவலை ஆறாவதாக வந்தது. அவர் ஓடிப்போய்ப் பிடித்தார். ஜாக்கி என்ன சொன்னார் என்று அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. குனிந்து நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார்.

இந்தியன் டெர்பி நான்கு வயதுக் குதிரைகளுக்கு மட்டும். அடுத்த வருஷம் செவலைக்கு வயது ஐந்து. அதற்கு இன்னொரு டெர்பி கிடையாது. இதை நினைத்தபடிதான் வீட்டுக்கு வந்தேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

செம்பூர் அக்கா:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், தம்பி.

எங்கள் வீட்டில் 'ரேஸ்' என்ற வார்த்தையையே சொல்லமாட்டார்கள். ஆபீஸ் தோழிகள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்று நான் போனது எட்டு வருஷத்துக்கு முன்னால். எனக்குப் பக்கத்தில் ஒரு பார்சிப் பெரியவர். வெளுத்த கோட்டு, கையில் ரேஸ் புத்தகம், அதில் பக்கம் பக்கமாகப் பென்சில் குறிப்பு. நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து அவராகவே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 'டிக்ரி, டிக்ரி' என்றுதான் கூப்பிட்டார். மகளே என்று அர்த்தமாம்.

டெர்பியில் ஆண் குதிரை 57 கிலோ சுமக்க வேண்டும், பெண் குதிரைக்கு ஒன்றரைக் கிலோ குறைவு என்று சொன்னார். ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து அந்த எடை வர வேண்டும். ஜாக்கி எடை போதாவிட்டால் ஈயத் தகடு வைத்து நிரப்புவார்களாம். ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி சேணத்தைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தராசில் ஏற வேண்டும். எடை சரியாக வராமல் பணம் பட்டுவாடா கிடையாது.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். 1943இல் இந்த மைதானத்தில் நடந்த முதல் டெர்பியை ஜெயித்தது ஒரு பெண் குதிரை. பெயர் பிரின்சஸ் பியூட்டிஃபுல். பரோடா மகாராஜாவின் குதிரை, ஓட்டியவர் எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலியர். அதனால் டெர்பியில் எந்தப் பெண் குதிரை ஓடினாலும் அதன் மேல் நூறு ரூபாய் கட்டுவது அவர் வழக்கம். ஜெயிக்கும் என்று நம்பி அல்ல, மரியாதைக்கு. அன்றைக்கு ஓடிய பெண் குதிரை கடைசிக்கு முந்தியதாக வந்தது. அவர் எழுந்து நின்று கை தட்டினார். எங்கள் வரிசையில் கை தட்டியது அவரும் நானும் மட்டும்.

அடுத்த வருஷமும் அதே இடத்தில் போய்த் தேடினேன். அவர் வரவில்லை.

தாராவி தொண்ணூறடி ரோடு:

மாட்டுங்கா அண்ணா, அந்தப் பெரியவர் காலைத் தடவிப் பார்த்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா முப்பது வருஷம் லாயத்தில் வேலை பார்த்தவர்.

சூடு பார்ப்பது அது. முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்பக்கமாக ஒரு தசைநாண் ஓடும். ஓட்டத்தில் அது இழுபட்டால் முதலில் நொண்டல் தெரியாது, வீக்கம் தெரியாது, கையில் சூடுதான் தெரியும். அதுவும் அந்தக் குதிரையின் காலைத் தினமும் தொட்டுப் பழகிய கைக்குத்தான் தெரியும். டாக்டர் வருவதற்கு முன்னாலேயே பெரியப்பா சொல்லிவிடுவார். இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

விடிகாலை நான்கு மணிக்கு லாயத்தில் இருக்க வேண்டும். சாணி வாரி, உடம்பு தேய்த்து, குளம்பைச் சுரண்டி, வெளிச்சம் வருவதற்குள் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். பம்பாயில் ரேஸ் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் எல்லாம் புனேவுக்குப் போய்விடும். குதிரையோடு பெரியப்பாவும் போய்விடுவார். வருஷத்தில் பாதி நாள் பெரியம்மா தனியாகத்தான் இருந்தார்கள். ஊரிலிருந்து வெல்லம் வந்தால் ஒரு பங்கைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். எங்களுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு இருக்க வேண்டும்.

அவர் பார்த்துக்கொண்ட குதிரை ஒன்று ஒரு டெர்பியில் ஓடியது. மூன்றாவது இடம். முதலாளி கொடுத்த பணத்தில் பெரியம்மாவுக்குக் குக்கர் வாங்கினார். அந்தக் குக்கர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வாஷர் மட்டும் எத்தனையோ மாற்றியாகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். சூடு சில நேரம் அன்றைக்கே தெரியாது, மறுநாள்தான் வரும். செவலைக்கு என்ன ஆயிற்று?

வாஷி:

நான் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் இந்த இடத்தில் இதுவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் அப்பா சென்னையில் ரேஸுக்குப் போனவர். 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தபோது அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்களாம். சட்டம் வழக்கில் மாட்டிக்கொண்டது, பந்தயம் நிற்கவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்பு சொன்னது. அப்பா அந்தச் செய்தித்தாளை வெட்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு அலமாரியில் கிடைத்தது.

அம்மா தையல் மிஷினில் எங்களைப் படிக்கவைத்தவர்கள். ஒரு டெர்பி நாளில் அந்த மிஷின் போய்விட்டது. நிச்சயம் வரும் என்று யாரோ சொன்ன குதிரை நான்காவதாக வந்தது. மறுநாள் காலை மிஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. அம்மா அந்த இடத்தில் மட்டும் கோலப்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆனதும் ரேஸ் ரசிகர்கள் எவ்வளவு வருத்தப்பட்டார்கள் என்று படித்தேன். எனக்கு அந்த வருத்தம் வரவில்லை.

ஆனால் மாட்டுங்கா சார், நீங்கள் எழுதிய அந்தப் பெரியவரை எனக்குப் பிடித்திருக்கிறது. குதிரை மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

சயான் கோலிவாடா:

2016 டெர்பி. டெசர்ட் காட். பெங்களூரிலிருந்து எஸ். பத்மநாபன் பயிற்சி கொடுத்துக் கொண்டுவந்த குதிரை, மேலே சூரஜ் நர்ரெடு. கடைசி 400 மீட்டரில் அது கால் நீட்டியபோது ஸ்டாண்டே எழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, இரண்டு பேரும் கட்டிக்கொண்டோம். எனக்கு எழுத வராது. அவ்வளவுதான்.

முலுண்ட், முன்பு ஆலந்தூர்:

வாஷிக்காரரே, உங்கள் வீட்டுக் கதை மாதிரி எங்கள் தெருவிலேயே மூன்று வீடு இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

நான் கிண்டி மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். குதிரைப் பந்தயம் அங்கே 1777 முதல் நடக்கிறது என்று எங்கள் தாத்தா பெருமையாகச் சொல்வார். எங்கள் பக்கத்து டீக்கடையில் 'எம்.ஏ.எம். குதிரை' என்றால் தனி மதிப்பு. செட்டிநாட்டு அரண்மனை எம்.ஏ.எம். ராமசாமியைச் சொல்கிறேன். இந்தியாவில் அவரைப் போல டெர்பி மாதிரியான பெரிய 'கிளாசிக்' பந்தயங்களை அள்ளியவர் கிடையாது. 2015 டிசம்பரில் அவர் காலமானபோது அந்த டீக்கடையில் படத்துக்கு மாலை போட்டார்கள். அதில் பாதிப் பேர் அவர் குதிரை மேல் கட்டித் தோற்றவர்களும்தான்.

2024இல் முதலில் ஊட்டி மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் கிண்டியில் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து வாசலில் சீல் வைத்தார்கள். வாடகைப் பாக்கி, பொது நிலம் என்று அரசு சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. சென்னைக்குக் குளம் வேண்டும், மரம் வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தச் செய்தியை முலுண்டில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இப்போது லாயத்தில் யார் தண்ணீர் காட்டுவார்கள்?

இங்கே மகாலட்சுமியிலும் 2013இல் குத்தகை முடிந்து பல வருஷம் இழுபறி. கடைசியில் 211 ஏக்கரில் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கு என்றும், 91 ஏக்கர் ரேஸ் கிளப்புக்கு என்றும் பிரித்தார்கள். 1883இலிருந்து இருக்கிற மைதானம். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற ஜனமும் ஓடுகிற குதிரையும் ஒரே இடத்தில் இருப்பது இந்த ஊரில் முடிந்திருக்கிறது. கிண்டியில் இதைக்கூட யாரும் முயலவில்லையே என்பதுதான் என் மனக்குறை.

இந்த டெர்பிக்கு என் மகளைக் கூட்டிப்போனேன். ஒரு ரூபாய் கட்டவில்லை. அவளுக்குப் பத்து வயது. குதிரைகள் கடந்து போனபோது, "அப்பா, தரை ஆடுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கிண்டியில் என் தாத்தாவிடம் சொன்ன அதே வார்த்தை.

செம்பூர் அக்கா:

வாஷித் தம்பி, அந்த மிஷின் போன இடத்தைத் துடைத்தது என்று எழுதினீர்களே, அதைப் படித்த பிறகு என் பதிவை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எடுக்கவில்லை. இரண்டும் நடந்ததுதான்.

வாஷி:

எடுக்காதீர்கள் அக்கா. கடைசிக்கு முந்திய குதிரைக்கு எழுந்து கை தட்டிய அந்தப் பெரியவரைப் பற்றி இன்று என் வீட்டில் சொன்னேன்.

மாட்டுங்கா வாசி:

தாராவித் தம்பி கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் இன்று காலை ஐந்தரைக்கே மகாலட்சுமிக்குப் போனேன். நடைப்பயிற்சிக்காரர்களோடு ஒரு சுற்று நடந்துவிட்டு, லாயப் பக்கத்து வாசலில் டீ விற்பவரிடம் விசாரித்தேன். தமிழ் பேசுகிற வயதான குதிரைக்காரர் என்றதும், 'பெங்களூர்வாலா சாச்சா' என்று கை காட்டினார்.

பெரியவர் கட்டிடத் திண்டில் உட்கார்ந்து பேண்டேஜ் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை பாட்டுக்கு வேலை செய்கிறது, கண் எங்கேயோ. நான் தமிழில் பேசியதும் நகர்ந்து இடம் கொடுத்தார். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், பெங்களூர் போய் நாற்பது வருஷம் என்றார். செவலையைக் குட்டியாக வந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அவர்தான் பார்க்கிறாராம்.

"காலில் சூடு இருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க லாயத்துல இருந்தவரா?"

இல்லை, ஒரு தம்பி கேட்கச் சொன்னான் என்றேன்.

"சூடு இல்ல. திங்கக்கிழமை பார்த்தேன், நேத்து ராத்திரியும் பார்த்தேன். இடது கால் ஒரு இத்தனூண்டு மந்தமா இருந்துச்சு, மண்ணு போட்டுக் கட்டினேன். இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கு."

நாளைக்கு வண்டி ஏற்றுகிறார்களாம். பெங்களூர் வரை ராத்திரி முழுக்க அது நின்றுகொண்டேதான் வர வேண்டும். வண்டி ஆடினால் செவலைக்குப் பயம். அதனால் முன்னால் டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தாலும் இவர் பின்னால் அதோடுதான் நின்றுகொண்டு வருவாராம். நான் ஒரு வெல்லப் பொட்டலம் வாங்கிப் போயிருந்தேன். அதை மோந்து பார்த்துவிட்டு, "நல்ல வெல்லம்" என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.