இரண்டாம் பேஸில் அவுட், ஹோமில் ஓட்டம்: முதலில் நடந்தது எது?

பாயான்_கேட்சர்:
ஞாயிற்றுக்கிழமை பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு திடலில் எங்கள் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் நட்பு ஆட்டம். ஐந்தாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் எதிரணி ரன்னர். பந்து ரைட் ஃபீல்டுக்குப் போனது. ரன்னர் மூன்றாம் பேஸைத் தாண்டி, தொட்டால் ஓட்டம் கிடைக்கும் ஹோம் பிளேட்டுக்கு ஓடினாள். அடித்த பிள்ளை முதல் பேஸில் நிற்காமல் இரண்டாவதுக்குப் பாய்ந்தாள், அங்கே பந்தால் அவளைத் தொட்டு டேக் செய்துவிட்டோம், மூன்றாவது அவுட். ரன்னர் அதற்கு முன்பே ஹோமைத் தொட்டதால் ஓட்டம் சேரும் என்பது பிளேட் அம்பயரின் தீர்ப்பு. ஒரு ஓட்டத்தில் தோற்றோம்.

டேக் விழுந்த நேரம் அவர், பிளேட்டில் பந்து பிடிக்கும் எங்கள் கேட்சரின் முதுகுக்குப் பின்னால் நின்றார். பேஸ்களைக் கவனிக்கும் பேஸ் அம்பயரிடம் கேட்டால், "நான் டேக்கைத்தான் பார்த்தேன்" என்கிறார். இரண்டு பேர் இருந்தும் எது முந்தியது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பேஸ் அம்பயர் ஹோமையும் ஒரு கண் பார்த்திருக்க வேண்டாமா?

சுண்ணாம்புக்_கோடு:
வேண்டாம் அக்கா. அவர் செய்தது சரி. பந்து அவுட்ஃபீல்டுக்குப் போனால் பேஸ் அம்பயர் நான்கு பேஸுக்கும் நடுவிலுள்ள வைரத்துக்குள் ஓடி வர வேண்டும். பந்து, ஃபீல்டர், ரன்னர், பேஸ் நாலும் அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கணும். ஹோமைத் திரும்பிப் பார்த்தால் கையுறையிலிருந்து பந்து நழுவியதைத் தவறவிடுவார், அப்போது அவுட்டே தப்பாகிவிடும். எது முந்தியது என்பது பிளேட் அம்பயரின் தீர்ப்பு மட்டுமே. தவறு அவர் நின்ற இடத்தில்.

பாயான்_கேட்சர்:
அவருக்கு எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள், அண்ணே. ரன்னர் மூன்றாம் பேஸைத் தொட்டாளா, பிளேட்டை மிதித்தாளா, 25.9 மீட்டர் தள்ளி டேக் எப்போது விழுந்தது. ஒரு மனிதருக்கு இரண்டு கண்தான்.

செராஸ்_பிட்சர்:
அதனால்தான் கோலாலம்பூரில் நாங்கள் மூன்று அம்பயர் கேட்கிறோம். இரண்டு பேரை வைத்துப் பெண்கள் ஆட்டத்தை நடத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அப்புறம், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்து டை ஆனால் ரன்னருக்குத்தானே சாதகம்?

சுண்ணாம்புக்_கோடு:
இங்கே அப்படி இல்லை. மூன்றாவது அவுட்டுக்கு முன்பே பிளேட்டைத் தொட்டிருந்தால்தான் ஓட்டம். ஒரே நேரம் என்றால் முன்பு ஆகாது. ஃபோர்ஸ் அவுட்டாக (அடித்தவளுக்கு இடம் விட்டு அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டிய ரன்னரின் அவுட்டாக) இருந்தால், அல்லது அடித்தவள் முதல் பேஸையே எட்டாமல் அவுட்டானால், யார் முந்தினாலும் ஓட்டம் கிடையாது. இங்கே அவள் முதல் பேஸைத் தாண்டிவிட்டதால்தான் நேரக் கணக்கு வந்தது.

மூன்றாவது அம்பயர் வந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளித் திடல்களில் இரண்டாவது ஆளே அரிது. நான் பதினைந்து வருடமாகச் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் ஆள் என்றால் பந்து வீசும் முன்பே, நேரக் கணக்கு வரலாம் என்று இரண்டு விரலால் என் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவேன், பேஸ் அம்பயரும் அதையே திருப்பிக் காட்டுவார். பந்து அடிபட்டதும் மாஸ்கைக் கழற்றிக்கொண்டு, கேட்சர் மறைக்காத இடத்துக்குப் பின்வாங்குவேன். அங்கிருந்து முன்னால் பிளேட், தூரத்தில் இரண்டாம் பேஸ், இரண்டும் ஒரே பார்வைக்குள் விழும். பேஸ் அம்பயர் கையை உயர்த்தும் நேரத்தை நம்பக்கூடாது, சைகை எப்போதும் டேக்குக்குப் பிந்தித்தான் வரும். டேக்கையேதான் பார்க்கணும்.

செராஸ்_பிட்சர்:
மூன்றாம் பேஸைத் தொட்டாளா என்பதை அப்போ யார் பார்ப்பது?

சுண்ணாம்புக்_கோடு:
பின்வாங்கும்போதே அதையும் நான்தான் பார்க்கணும். கடினம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பாயான்_கேட்சர்:
ஞாயிறன்று மணிக்கட்டைத் தட்டியதை நான் பார்க்கவில்லை. ஓட்டம் சேரும் என்பதையும் எங்கள் ஸ்கோரர் மேசைக்குப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பேஸ் அம்பயரைக் குறை சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், பிளேட்டில் நின்றவரை இல்லை. என் கேட்சருக்கு வயது பதினான்கு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள்.