பதில்: சவரக்கத்தியை வாரில் இழுப்பதற்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம். சவரத்துக்கு முன் மடக்குச் சவரக்கத்தியைத் தோல்வாரில் இழுத்துக் கூரைச் சரிசெய்கிறோமே, அந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் கேட்டதற்கு நீங்கள் எழுதியது:

> தோலில் இழுக்கும்போது இரும்பு தேய்வதில்லை. மடங்கிய கூர் நிமிர்கிறது, அவ்வளவே. ஆகவே 'கூர்நிமிர்த்தல்' என்று வைத்துக்கொள்ளலாமே.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'தீட்டுதல் என்று ஒன்று இருக்கும்போது புதுச்சொல் எதற்கு' என்று இங்கே கேட்டவர்களுக்கு. வம்பே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கல்லில் தேய்ப்பதும் தீட்டுதல், தோலில் இழுப்பதும் தீட்டுதல். ஆனால் கை செய்யும் வேலை நேர் எதிர். கல்லில் கத்தியின் வாய் (கூர்ப்பக்கம்) முன்னே போகும், முதுகு பின்னே வரும். தோலில் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். 'நன்றாகத் தீட்டிக்கொள்ளவும்' என்று மட்டும் படித்த ஒருவர் வாயை முன்னே தள்ளினால் முதல் இழுப்பிலேயே தோல் கிழியும். கடைசியில் திருப்பும்போதும் அப்படித்தான். முதுகின் மேல் புரட்ட வேண்டியதை வாயின் மேல் புரட்டிவிட்டு, வாங்கின வாரத்திலேயே தோலில் பிறைபிறையாக வெட்டு வாங்கினவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம்.

அதைவிடப் பெரிய நட்டம் கத்திக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குகளுக்கும் பித்தளைப் பூட்டுகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடைக்கும். காம்பில் 'சொலிங்கன்' என்ற ஜெர்மன் ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் வாங்குகிறவருக்குக் கை நிற்காது. அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டுதான். சொலிங்கன் வட்டாரத்தில் செய்த கத்திக்கே அதைப் பொறிக்கலாம் என்று 1938-லேயே ஜெர்மனியில் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் முத்திரையைப் பார்க்கிறவர்கள் முதுகைப் பார்ப்பதில்லை. இந்தக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் வாயும் முதுகும் சேர்ந்து கல்லைத் தொடும். முதுகின் கனம்தான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டும் சேர்ந்தே தேயும். அடிக்கடி கல்லில் போட்ட கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உருண்டையாக இருக்க வேண்டிய முதுகு இரண்டு பக்கமும் பட்டையாகி, நாடா ஒட்டியதுபோல் பளபளக்கும். அலகும் ஒடுங்கியிருக்கும்.

கத்தி வாங்கினவர்களிடம் வருத்தம் என்று கேட்டால் இதுதான் முதலில் வரும். கன்னத்தில் லேசாக இழுத்திருக்கும். 'தீட்டணும்' என்று ஆயிரம் எண் கல்லை எடுத்திருப்பார்கள், அப்புறம் நாலாயிரம், எட்டாயிரம் (எண் கூடக்கூடக் கல் நைசாகும்). தோலில் நன்றாக இழுத்திருந்தாலே சரியாகியிருக்கும். அவசரத்தில் அழுத்தியும் தேய்த்திருப்பார்கள். இரு பக்கமும் குழிவாகத் தேய்த்துச் செய்த அலகு மெல்லியது, அழுத்தினால் வளைந்து கொடுக்கும், வாயில் பிசிறு கட்டும். அந்தப் பிசிறு முதல் நாள் பிரமாதமாக வெட்டும், மறுநாள் உதிர்ந்துவிடும். உடனே மறுபடியும் கல். கல்லில் போன இரும்பு திரும்பி வருமா?

(மற்ற வருத்தங்கள் சில்லறை. ஈரத்தோடு மடக்கி வைத்து ஆணியடியில் துரு ஏற விட்டது, அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பிசுக்காக்கியது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அப்புறம், கூரே பிடிக்காத மலிவு எஃகை இணையத்தில் வாங்குவது. இதற்கு நம் குழுவில் ஒருவர் 'கத்திப்போலி' என்று வைத்தாரே, அதை நான் அப்படியே ஏற்கிறேன்.)

முன்பு இந்தக் குழப்பம் இல்லை. தொழில் தெரிந்தவர்களுக்குக் கல் வேறு, வார் வேறு. பள்ளத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்த பெரியவர் ஒருவர், வாரின் ஒரு நுனியை சன்னல் கம்பியில் மாட்டி, மறுநுனியைத் தொய்வில்லாமல் பிடித்துக்கொள்வார். என் கல்லைப் பார்த்துவிட்டு, "இத ஏன் தம்பி தினம் எடுக்குறீக? வாருல நாலு இழுப்பு விட்டாப் போதாதா?" என்றார். இப்போது சலூனில் பாதியாக ஒடித்த பிளேடுதான். கத்தியில் செருகுவார்கள், முடிந்ததும் தூக்கிப் போடுவார்கள். சுகாதாரத்துக்கு நல்லதுதான், ஆனால் வார் ஆணியோடு போய்விட்டது, அதோடு பேச்சும்.

சரி, 'கூர்நிமிர்த்தல்' ஏன் வேண்டாம்? அது ஒரு கொள்கையைச் சொல்லுக்குள் பூட்டி வைக்கிறது. கூர் மடங்குவது உண்மைதான், ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடியை மழிக்கும் பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எஃகைவிட மிக மென்மையான முடி, ஒரு கோணத்தில் வளைந்து படும்போது கூரைச் சிம்பு சிம்பாகப் பெயர்த்துவிடுகிறதாம். பெயர்ந்ததைத் தோல் நிமிர்த்தாது. அங்கேதான் கல்லுக்கு வேலை. நாளைக்கு இன்னொரு ஆய்வு வரும். கொள்கை மாறினாலும் வார் வாராகவே இருக்கும். கருவியை வைத்துப் பெயர் சொல்வதே நம் வழக்கம். சாணையில் இடுவது சாணையிடுதல் என்றால், வாரில் இடுவது வாரிடுதல்.

என் முன்மொழிவு இதுதான்: கல்வேலைக்கு 'சாணையிடல்', தோல்வேலைக்கு 'வாரிடல்', கருவிக்குத் 'தோல்வார்'. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "சவரத்துக்கு முன் வாரிடு, வாரிட்டும் இழுத்தால் மட்டும் சாணையிடு." இடறவில்லை.

---

தம்பிக்கு,

வாரிடல் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. 'வார்ப்பிடிப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அது வேண்டாம். வார்ப்பு என்றாலே உலைக்களம்தான் நினைவுக்கு வரும். வாரிடலை 'வாரி இடுதல்' என்று சிலர் பிரிப்பார்கள், பிரிக்கட்டும். எனக்கு ஒரே ஒரு ஐயம். தோலில் பச்சைப் பசை தடவி இழுக்கிறார்களே, அப்போது இரும்பு தேயத்தானே செய்கிறது? அதைச் சாணையிடலில் சேர்ப்பீர்களா?

---

ஐயா,

நல்ல கேள்வி. அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு, தேய்க்கத்தான் செய்யும். கூர்நிமிர்த்தல் என்று வைத்திருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்போம். வாரிடலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பசை இருந்தால் 'பசைவாரிடல்', வெறும் தோல் என்றால் வாரிடல். முதுகு முன்னே போவது இரண்டுக்கும் பொது. தோல்வாரின் பின்பக்கம் இருக்கும் முரட்டுத் துணிக்குத் 'துணிவார்' போதும்.

நம் சொற்பட்டியலில் இந்த ஐந்தையும் ஏற்றிவிடுகிறேன். வாயின் இரு பக்கமும் கல் பட்டு விழும் அந்த மெல்லிய சரிவுக்கு இன்னும் சொல் இல்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது உளிக்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.