அப்டேட் போட்டதும் திரை உறைந்ததா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மலைக்கோட்டை:

லினக்ஸில் அப்டேட் போட்ட மறுநாள் டெஸ்க்டாப் ஹேங் ஆனால், நம்மில் பலர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறோம். மறுபடி ஹேங் ஆனதும் பென்டிரைவைத் தேடி எடுத்து ஃபார்மட் அடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. என்ன நடந்தது என்பது பெரும்பாலும் லாகில், அதாவது மெஷின் தானே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பில், எழுதியே இருக்கும். ஃபார்மட் அடித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். அதே அப்டேட் மறுபடி இறங்கியதும் அதே ஹேங் திரும்பி வரும். அதனால் அவரவர் மெஷினில் என்ன ஆயிற்று, எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்தும் மேசையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. உபுண்டு 22.04, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.5இலிருந்து 6.8க்கு மாறிய அப்டேட்டுக்குப் பிறகு வினோதமாக நடந்துகொண்டது. எழுத்தைத் தட்டினால் திரையில் வராது. மவுஸை லேசாக அசைத்தால் கர்சர் போன வழியில் ஒரு பட்டை மட்டும் புதுசாகும், மற்ற இடமெல்லாம் பழைய பக்கமே நிற்கும். சில சமயம் திரை மொத்தமாக நின்றுவிடும். ஆனால் பின்னணியில் ஓடுகிற பாட்டு நிற்காது.

அந்தப் பாட்டுதான் முக்கியமான துப்பு. ஹேங் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. பாட்டு ஓடுகிறதென்றால் கர்னல் உயிரோடு இருக்கிறது. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் கீபோர்டும் பேசுகிறது. கேப்ஸ் லாக் விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் அது கர்னல் பேனிக், அதாவது கர்னலே செயலற்றுப்போனது. ரீஸ்டார்ட் தவிர வழியில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் டெஸ்க்டாப் மட்டும்தான் மாட்டியிருக்கிறது, மெஷின் அல்ல.

என் லேப்டாப்பில் கேட்டது. உள்ளே போய் கர்னல் லாகைப் பார்த்தபோது, 'ஃபிளிப் டன் டைம்ட் அவுட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒரு புதுப் படத்தைத் திரைக்கு அனுப்பினேன், போய்ச் சேர்ந்ததாகப் பதில் வரவில்லை என்று டிஸ்ப்ளே பகுதி சொல்கிற வரி அது. பட்டை பட்டையாகப் புதுசாவதையும் சேர்த்துப் பார்த்ததில் சந்தேகம் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் மேல் விழுந்தது. திரையில் எதுவும் மாறாமல் இருக்கும்போது, பேனல் தன் சொந்த மெமரியிலிருந்தே படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அதனால் பேட்டரி மிச்சமாகும். ஏதாவது மாறியதும் விழித்துப் புதுப் படத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த விழிப்பு தவறினால் பழைய படமே நிற்கும்.

பூட் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று 'இ' விசையைத் தட்டினால் பூட் வரிகளைத் திருத்தலாம். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்று சேர்த்து, எஃப்10 அழுத்தினேன். ஐ915 என்பது இன்டெல் கிராஃபிக்ஸின் டிரைவர். இங்கே தமிழில் எழுதியிருப்பதை அங்கே ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், எதையும் நிரந்தரமாக மாற்றாது. அதனால் பயமில்லாமல் சோதிக்கலாம். நாள் முழுக்க வேலை செய்தும் திரை நிற்கவில்லை. அப்புறம்தான் அதை கிரப் (பூட் மெனுவைத் தரும் புரோகிராம்) அமைப்புக் கோப்பில் எழுதி அப்டேட்-கிரப் கொடுத்தேன். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், ஆனால் பிழை திருத்துகிறவருக்குத் திரைதான் முக்கியம்.

வைகைக்கரை:

நல்ல தொடக்கம் அண்ணா. என் தம்பியின் கணினியில் நடந்தது வேறு மாதிரி. தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டு, கார்டு நிறுவனமே தருகிற மூடிய டிரைவர் போட்டிருந்தான். அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் டெஸ்க்டாப் வந்தது. ஆனால் ஜன்னலை இழுத்தால் அரை நொடி கழித்துத்தான் நகரும். வீடியோ போட்டால் ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. இரண்டாவது மானிட்டர் தெரியவே இல்லை.

செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்தால் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயர் இல்லை, 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. யாராவது இதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்ளுங்கள்: கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை, படம் வரைகிற வேலை முழுவதையும் பிராசஸர் தலையில் மெசா (லினக்ஸின் கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்பு) கட்டிவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

டிரைவர் ஏன் ஏறவில்லை? இந்த மாதிரி டிரைவர் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும். கட்டுவதற்கு அந்தக் கர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் வேண்டும். அவன் மெஷினில் கர்னல் புதுசாக இறங்கியிருந்தது, ஹெடர்ஸ் இறங்கவில்லை. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பார்த்தால் பழைய கர்னலுக்கு மட்டும் 'இன்ஸ்டால்டு' என்று காட்டியது, புதியது பட்டியலிலேயே இல்லை. ஓடுகிற கர்னலுக்கான ஹெடர்ஸை இறக்கியதும் டிகேஎம்எஸ் தானாகவே கட்டத் தொடங்கியது. ரீஸ்டார்ட், முடிந்தது.

இதோடு செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது இயங்கும் மெஷினில் டிரைவரை முதல் முறை போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரையில் 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்று ஒரு பக்கம் வரும். அங்கே 'என்ரோல்' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் 'கன்டினியூ' கொடுத்துவிட்டால், டிரைவர் கட்டப்பட்டிருந்தும் கர்னல் அதை ஏற்காது. வெளியில் பார்க்க அதே எல்எல்விஎம்பைப், அதே மந்தம்தான். காரணம் மட்டும் வேறு.

நெய்தல்:

எனக்கு கிராஃபிக்ஸ் கார்டும் இல்லை, கர்னல் பிரச்சினையும் இல்லை. ஃபெடோரா 38இலிருந்து 39க்குப் போனேன். மேல்பட்டையில் ஐகான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, ஆக்டிவிட்டீஸ் திறந்தால் சில நொடி எதுவும் அசையாது.

சோதித்தது எளிது: புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பார்த்தேன். அங்கே எல்லாம் வழுவழுவென்று ஓடியது. அப்படியானால் கர்னல், டிரைவர், மெசா எல்லாம் சரி, கோளாறு என் ஹோம் ஃபோல்டரில்தான். எக்ஸ்டென்ஷன்களை (டெஸ்க்டாப்பில் நாம் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) மொத்தமாக நிறுத்தி ஒவ்வொன்றாகத் திறந்ததில் ஆள் பிடிபட்டது. ஃபெடோரா 39இல் வருவது க்னோம் 45 டெஸ்க்டாப். எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையையே அந்தப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள். பழைய எக்ஸ்டென்ஷன்கள் எதுவும் அப்படியே ஓடாது, எல்லாவற்றையும் எழுதியவர்கள் திருத்தித் தர வேண்டும். அவசரத்தில் திருத்தியவை சில சரியாக நடக்காததில் ஆச்சரியமில்லை. பெரிய க்னோம் பதிப்பு மாறும்போது எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டு அப்கிரேட் செய்வது நல்லது.

திரையை நடத்தும் முறைகள் இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். வேலண்டில் இன்னொன்றும் உண்டு. எக்ஸ்11இல் ஷெல் (மேல்பட்டை, ஜன்னல்களை நடத்தும் க்னோம் பகுதி) மாட்டினால் ஆல்ட், எஃப்2 அழுத்தி 'ஆர்' தட்டி அதை மட்டும் திரும்ப எழுப்பலாம், திறந்த ஜன்னல்கள் அப்படியே இருக்கும். வேலண்டில் ஷெல்லேதான் திரையை நடத்துகிறது. அது விழுந்தால் திறந்திருக்கிற எல்லாமும் சேர்ந்து போய்விடும். அதனால் அப்கிரேட் செய்த முதல் வாரம் அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

குன்றத்துமணி:

நான் பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் இருப்பவை 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். உபுண்டு 22.04 வந்த பிறகு பிள்ளைகள் இரண்டு விதமாகப் புகார் சொன்னார்கள். ஒன்று, மவுஸ் கூட நகராமல் மெஷின் நிமிடக்கணக்கில் நிற்கிறது. இன்னொன்று, பிரவுசர் திடீரென்று தானாக மூடிக்கொள்கிறது.

முதல் வகையில் கேபினெட்டில் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. ராம் நிரம்பி, எல்லாமே ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது பயன்படுத்த டிஸ்கில் ஒதுக்கிய இடம்) போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இதைத் திரைக் கோளாறு என்று நினைத்து டிரைவரைத் தோண்டிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கத் தோண்டலாம். இரண்டாவது வகை, சிஸ்டம்டி-ஊம்டி செய்கிற வேலை. நினைவகம் நெருக்கடியானால் மெஷின் மொத்தமும் உறையும் முன் பெரிதாகத் தின்கிற புரோகிராமை அது நிறுத்திவிடும். 22.04இல் உபுண்டு இதை முன்கூட்டியே இயக்கித் தருகிறது. ஹேங் ஆவதைவிட இது மேல்தான், ஆனால் பாதி எழுதிய கட்டுரையை இழந்த பிள்ளைக்கு அது ஆறுதல் ஆகாது.

நாங்கள் போட்டது ஸீராம். ராமின் ஒரு பகுதியில் பக்கங்களைச் சுருக்கி வைத்து அதையே ஸ்வாப்பாக ஆள்வது. ஃபெடோரா 2020இல் 33ஆம் பதிப்பிலிருந்தே இதை இயல்பாகத் தருகிறது, உபுண்டுவில் நாமே நிறுவ வேண்டும். 4 ஜிபி மெஷினில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று டேப் திறந்ததும் நின்ற மெஷின்கள் இப்போது வகுப்பு முடியும் வரை ஓடுகின்றன.

மலைக்கோட்டை:

அக்கா சொன்னது மிகவும் தேவையான விஷயம். ஹேங் என்றதும் கிராஃபிக்ஸ் மேலேயே பாய்கிறோம்.

லாகை எப்படிப் பார்ப்பது என்று கேட்டு எனக்குத் தனியாக எழுதியிருந்தார்கள். ஹேங் ஆகி ரீஸ்டார்ட் செய்த பிறகு ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே என்ற கட்டளை, முந்தைய பூட்டின் கர்னல் செய்திகளை மட்டும் காட்டும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். 'ஜிபியூ ஹேங்', 'ரிங் டைம்அவுட்', 'எக்ஸ்ஐடி' என்று இருந்தால் கிராஃபிக்ஸ். 'அவுட் ஆஃப் மெமரி' என்றால் அக்கா சொன்ன கதை. 'ஐஓ எரர்' என்று டிஸ்க் பெயரோடு வந்தால் அப்டேட்டை மறந்துவிடுங்கள், முதலில் கோப்புகளை வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

அணைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால், டிஸ்குக்குப் போய்ச் சேராத கடைசி லாக் வரிகள் தொலைந்துபோகும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த வரிகள்தான். ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்று நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நொடி விட்டுத் தட்டுங்கள். எஸ் டிஸ்குக்கு எழுத வேண்டியதை எழுதும், யூ டிஸ்கைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி ரீபூட் செய்யும். இணையத்தில் ஆர், இ, ஐ என்று முன்னால் மூன்று எழுத்து சேர்த்துச் சொல்வார்கள். உபுண்டுவில் இந்த வசதிக்கான எண் 176 என்று வைக்கப்பட்டிருக்கிறது. அது எஸ், யூ, பி மூன்றையும் அனுமதிக்கும், அந்த முன் மூன்றையும் அனுமதிக்காது. சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

வைகைக்கரை:

ஒரு சந்தேகம் அண்ணா. தம்பி மெஷினில் புதுக் கர்னல் சரியாகும் வரை பூட் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய கர்னலில்தான் ஓட்டினோம். அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?

மலைக்கோட்டை:

பழைய கர்னலில் ஓடுகிறது, புதியதில் ஓடவில்லை என்று தெரிந்தாலே பாதிக் கண்டுபிடிப்பு முடிந்தது. ஆனால் அங்கேயே தங்காதே தம்பி. பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் புதியதில்தான் வரும். 'ஏபிடி-மார்க் ஹோல்ட்' போட்டு கர்னல் பேக்கேஜைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். ஆர்ச்சில் இருப்பவர்கள் எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும்) கர்னலையும் பக்கத்தில் நிறுவி வைத்துக்கொள்வார்கள், மின்டில் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் இருக்கிறது.

அந்த இடைவெளியில் லாகை இணைத்து, மெஷின் மாடல், சரியாக ஓடிய கர்னல், ஓடாத கர்னல் மூன்றையும் குறிப்பிட்டு, உன் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்றவை) பக் டிராக்கரில், அதாவது பிழைகளைத் தெரிவிக்கும் தளத்தில், எழுதிவிடு. தமிழில் யோசித்து எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும், அவர்களுக்கு வேண்டியது அந்த மூன்றும் லாகும்தான். அடுத்த கர்னல் வந்ததும் ஹோல்டை எடுத்துவிட்டு பூட் செய்து பார். பழையதை மட்டும் உடனே நீக்கிவிடாதே.