ஒரே ஊருக்கு வருஷா வருஷம் போறவங்க இருக்கீங்களா? சவன்னாவுல அப்படி என்னதான் இருக்கு?

ஊர்சுத்தி77:

வணக்கம் மக்களே, கொஞ்சம் அற்பமான கேள்விதான், திட்டாதீங்க. நாங்க இருக்கறது அட்லாண்டா பக்கம். எங்க கம்யூனிட்டில ஒரு தமிழ் ஜோடி, வயசு அம்பதை ஒட்டி இருக்கும், வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு நம்ம ஜார்ஜியாவுலயே கடலோரப் பக்கம் இருக்கற சவன்னாவுக்குக் கிளம்பிடுவாங்க. வேற ஊரே கிடையாதான்னு கேட்டா சிரிச்சிட்டு போயிடறாங்க.

நாங்களும் போன மார்ச்ல போய்ப் பார்த்தோம். மேக்கான் தாண்டி ஐ-16 ஹைவே பிடிச்சா ரெண்டு பக்கமும் பைன் மரத்தைத் தவிர ஒண்ணும் கிடையாது, ஓட்டறவனுக்கு தூக்கம் சொக்குது. போய் இறங்கி டிராலி டூர், ரிவர் ஸ்ட்ரீட், ஃபோர்சித் பார்க் ஃபவுண்டன் முன்னாடி போட்டோ, ஐஸ்கிரீமுக்கு முக்கால் மணி நேரம் க்யூ, ஃபாரஸ்ட் கம்ப் படத்துல டாம் ஹாங்க்ஸ் உக்காந்த பெஞ்ச் எங்கன்னு தேடினா அது ஷூட்டிங்குக்காக போட்டதாம், இப்ப மியூசியத்துல இருக்காம். ராத்திரி ஒரு பேய் டூர், அதுல கைடுக்கே கொட்டாவி. ஒன்றரை நாள்ல எல்லாம் முடிஞ்சு போச்சு. இதுல கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி வேற, கை காலெல்லாம் தடிப்பு.

இப்ப வைஃப் நவம்பர்ல மறுபடி அங்கேயே போலாம்ங்கறா. நான் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் போலாம்ங்கறேன். அந்த ஊர்ல நான் எதை மிஸ் பண்ணிட்டேன்னு யாராவது சொல்லுங்க.

பொடிநடை:

நீங்க சொன்ன அந்த ஜோடி நாங்க இல்ல, ஆனா நாங்களும் அதே கேஸ்தான் 😀 பதினோரு வருஷமா போறோம், கோவிட் வருஷம் மட்டும் போகல. எங்க மாமியார் ஊர்ல இருந்து போன் பண்றப்பல்லாம் "அங்க என்ன குலதெய்வமா இருக்கு"ன்னு கேப்பாங்க.

டிராலி டூர் எடுத்தீங்க பாருங்க, அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. அது வண்டில சுத்திப் பாக்கற ஊரே இல்ல. 1733ல ஓகல்தார்ப்னு ஒருத்தர் இங்கிலாந்துல இருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து இந்த ஊரைப் போட்டப்ப மொதல்ல வரைஞ்சது வீடு இல்ல, சதுக்கம். நடுவுல ஒரு திறந்த இடம், அதுக்கு வடக்கயும் தெக்கயும் குடியிருக்கற வீடு, கிழக்கயும் மேக்கயும் சர்ச், கடை மாதிரி பொதுக் கட்டடம், இது மொத்தமும் ஒரு வார்டு. ஊர் பெருசாக பெருசாக இதே அச்சை அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டே போனாங்க, அப்படி 24 சதுக்கம் வந்துச்சு, இன்னைக்கு 22 இருக்கு. புல் ஸ்ட்ரீட்ல ஆத்தங்கரைல இருந்து தெக்க நடந்தா ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்ட்டெரேன்னு வரிசையா அஞ்சு சதுக்கம், அது முடிஞ்சா ஃபோர்சித் பார்க். ஒவ்வொண்ணுலயும் வண்டிக்காரன் சுத்திதான் போகணும், நடக்கறவன் நேரா நடுவுல போயிடலாம். அமெரிக்காவுல வேற எந்த ஊர்லயாவது கார்காரனை விட நடக்கறவனுக்கு இவ்வளவு மரியாதை பாத்திருக்கீங்களா?

எங்க வீட்டுக்காரர் வீட்ல பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல உக்கார மாட்டார். அங்க மூணு நிமிஷம் நடந்தா ஒரு பெஞ்ச், ஓக் மர நிழல், மேல நரைச்ச தாடி மாதிரி தொங்குது பாருங்க ஸ்பானிஷ் மாஸ் (அது ஸ்பானிஷும் இல்ல பாசியும் இல்ல, அன்னாசிப்பழக் குடும்பமாம், அதை அவர் வருஷா வருஷம் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்வார், நானும் அப்படியான்னு கேட்டுப்பேன்). உக்காந்தா பேச்சு வருது. பசங்க காலேஜ் பத்தி, ஊர்ல வீட்டை விக்கலாமா வேணாமான்னு, எல்லாம் அங்கதான் பேசி முடிச்சிருக்கோம். ஒரு ட்ரிப்ல மேடிசன் சதுக்கத்துல சண்டை போட்டு ஃபோர்சித் பார்க் வர்ற வரைக்கும் பேசாம நடந்தோம், ரெண்டே சதுக்கம்தான், அதுக்குள்ள சரியாயிடுச்சு.

இன்னொண்ணு, இந்த ஊர் சும்மா தப்பிச்சு வரல. 1954ல எல்லிஸ் சதுக்கத்துல இருந்த பழைய மார்க்கெட்டை இடிச்சு பார்க்கிங் கட்டிட்டாங்க. அடுத்து 1820ல கட்டின டேவன்போர்ட் வீட்டையும் பார்க்கிங்குக்காக இடிக்கப் போறாங்கன்னதும் ஏழு பொம்பளைங்க சேர்ந்து காசு திரட்டி 1955ல அந்த வீட்டை வாங்கிட்டாங்க. அப்படி ஆரம்பிச்சதுதான் பழைய கட்டடங்களைக் காப்பாத்தற ஹிஸ்டாரிக் சவன்னா ஃபவுண்டேஷன். அப்புறம் அந்த பார்க்கிங் கட்டடத்தையே இடிச்சு, வண்டியை எல்லாம் பூமிக்கு அடியில இறக்கி, 2010ல எல்லிஸ் சதுக்கத்தை திரும்பக் கொண்டு வந்தாங்க. போன சதுக்கம் திரும்பி வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரைட் சதுக்கத்துல ஒரு பெரிய கருங்கல் பாறை பாத்தீங்களா? டோமோசிசின்னு யாமக்ராங்கற பூர்வகுடி இனத் தலைவர், ஓகல்தார்ப்புக்கு இடம் கொடுத்தவர், 1739ல இறந்தப்ப அவரை அங்கதான் புதைச்சாங்க. 1883ல அந்த இடத்து மேலயே கார்டன்னு ஒரு ரயில்வே பெரிய மனுஷனுக்கு நினைவுத்தூண் எழுப்பிட்டாங்க. அப்புறம் 1899ல அதே சதுக்கத்துல டோமோசிசிக்கு அந்தப் பாறையை வச்சாங்க, முன்ன நின்னு வச்சது யாரு தெரியுமா, அந்த கார்டனோட மருமகளேதான்! நாங்க நாலாவது தடவை போனப்பதான் இது தெரிஞ்சுது. மூணு வருஷமா அந்தப் பாறைல சாஞ்சு போட்டோ எடுத்திருக்கோம்னு நெனச்சா வெக்கமா போச்சு.

கீழவாசல்:

பொடிநடை சொன்னதெல்லாம் சரி, ஆனா நிழல், பெஞ்ச், மரம்னு மட்டும் பேசிட்டுப் போனா எனக்கு தொண்டைல சிக்கும். ஆரம்பத்துல ஜார்ஜியாவுல அடிமை முறைக்குத் தடை இருந்துச்சு, 1751ல எடுத்துட்டாங்க. அப்புறம் நெல்லு, பருத்தின்னு அந்த அழகான வீடெல்லாம் யார் முதுகுல எழுந்துச்சுன்னு தெரிஞ்சுதான் பாக்கணும். 1859 மார்ச்ல ஊருக்கு வெளிய குதிரை ரேஸ் மைதானத்துல ரெண்டு நாள் ஏலம், 436 மனுஷங்களை நிறுத்தினாங்க, பண்ணை முதலாளி கடன் வாங்கி சூதாடினதுக்கு எவன் வீட்டுப் பிள்ளையோ ஏலத்துல. ரெண்டு நாளும் விடாத மழை. "அழுகைக் காலம்"னுதான் அதைச் சொல்றாங்க.

ஓவன்ஸ் தாமஸ் வீட்டுக்குப் போங்க. முன்பக்கம் மாளிகை, பின்பக்கம் அடிமைகள் இருந்த கொட்டகை, ரெண்டையும் ஒரே டூர்ல காட்டறாங்க. கொட்டகையோட உத்தரத்துல வெளிறின நீலச் சாயம் இன்னும் இருக்கு, கெட்ட ஆவி அண்டாம இருக்க பூசினதாம், நம்ம வீட்டு வாசல்ல திருஷ்டிக்கு கட்டற மாதிரிதான். பேய் டூருக்கு காசு கொடுத்ததுக்கு இதைப் பாத்திருக்கலாம். ஃபிராங்க்ளின் சதுக்கத்துல ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் சர்ச்சும் விடாதீங்க, தரைப்பலகைல கோலம் மாதிரி ஓட்டை போட்டிருக்கும், தப்பி ஓடினவங்க கீழ ஒளிஞ்சு மூச்சு விட்ட ஓட்டைன்னு அங்க சொல்றாங்க.

நானும் நாலஞ்சு தடவை போயிருக்கேன். மனசு ஒத்துப் போய் இல்ல, ஒத்துப் போகாமலேதான் போறேன். கால்ஹூன்னு அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கினவன் பேர்ல ஒரு சதுக்கம் இருந்துச்சு, 2022ல அந்தப் பேரைத் தூக்கிட்டு, 2023ல அடிமையா பிறந்து பின்னால டீச்சராவும் நர்ஸாவும் ஆன சூசி கிங் டெய்லர் பேரை வச்சிட்டாங்க. அடுத்த தடவை போய் போர்டைப் பாத்துட்டு வந்தேன்.

கடலோரக்_காத்து:

சார்ல்ஸ்டன் சார்ல்ஸ்டன் சார்ல்ஸ்டன்!!! சவன்னாவுல இருந்து வடக்க இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டுங்க. 1670ல வந்த ஊரு, சவன்னாவுக்கு அக்கா. சாப்பாடும் அங்கதான் நல்லா இருக்கும். நான் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்.

பொடிநடை:

@கடலோரக்_காத்து அக்கா பணக்கார வீட்ல வாக்கப்பட்டவ, ஹோட்டல் ரேட் பாத்தீங்களா 😀

@கீழவாசல் நீங்க சொன்னது சரிதான், நான் அதைச் சொல்லாம விட்டிருக்கக் கூடாது. அந்த நீல உத்தரம் பாத்துட்டு வந்த அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சதுக்கத்துல உக்காந்தோம், ஒண்ணும் பேசல.

ஊர்சுத்தி77:

அடேங்கப்பா, இவ்வளவு வரும்னு நெனைக்கல. வைஃப் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சிட்டு "பாத்தியா"ன்னா. சரி, ரெண்டே டவுட். அந்த பூச்சிக்கு என்ன வழி? நாங்க வெஜிடேரியன், போன தடவை ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்லயே ஓட்டினோம், அங்க எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பொடிநடை:

அது சாண்ட் நாட், வசந்த காலத்துல உச்சம், நீங்க சரியா அது கையில போய் மாட்டியிருக்கீங்க. அந்த ஊர் பேஸ்பால் டீமுக்கே 2015 வரைக்கும் சாண்ட் நாட்ஸ்னுதான் பேரு, அவ்வளவு பிரசித்தம். நவம்பர் கடைசில குளிர் தட்டிட்டா அடங்கிடும், ஆனா ஆத்தங்கரை ஓரமா சாயங்காலம் முழுக்கை போட்டுக்கோங்க.

சாப்பாட்டுக்கு கிரிட்ஸ் கேளுங்க, சோள ரவைக் கஞ்சின்னு வச்சுக்கோங்க, எறா போடாம வெண்ணெய் மட்டும் போட்டுத் தரச் சொன்னா தருவாங்க, நாங்க கைல ஊறுகாய் பாக்கெட் வச்சிருப்போம். வெண்டைக்காய், கத்திரிக்காய் எல்லாம் கிடைக்கும். காய்ல பன்றி இறைச்சி போட்டு வேக வைக்கிற பழக்கம் அங்க உண்டு, அதனால கீரை வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. சவன்னா ரெட் ரைஸ் பாக்க நம்ம தக்காளி சாதம் மாதிரியே இருக்கும், ஏமாந்துடாதீங்க, பெரும்பாலும் உள்ள கறி இருக்கும்.

அப்புறம், வர்ற வழில ரோட்டோரத்துல அவிச்ச கடலைன்னு போர்டு இருந்தா வண்டியை நிறுத்துங்க. நம்ம ஊர்ல அவிக்கறதேதான், தோலோட, உப்புத் தண்ணில. ஒரு பை வாங்கிட்டுப் போய் ரிவர் ஸ்ட்ரீட்ல உக்காருங்க, கண்டெய்னர் கப்பல் ஆறு மாடி உசரத்துக்கு மூஞ்சிக்கு முன்னாடி போகும், கை ஆட்டினா மேல இருந்து யாராவது ஆட்டுவாங்க. அங்க கிழக்குக் கோடில ஒரு பொண்ணு சிலை துணியை வீசிக்கிட்டு நிக்கும், ஃப்ளாரன்ஸ் மார்ட்டஸ், கலங்கரை விளக்கம் பாத்துக்கிட்ட அண்ணனோட இருந்தவங்க, 1887ல இருந்து 44 வருஷம் போற வர்ற கப்பலுக்கெல்லாம் கை காட்டினாங்களாம், பகல்ல கைக்குட்டை, ராத்திரி லாந்தர். ஏன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்வாங்க, நம்பாதீங்க.

தோலை மட்டும் ஆத்துல போடாதீங்க, எங்க வீட்டுக்காரர் போட்டு ஒருத்தர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார்.